‘ஹிட்’ வேறு, ‘பொருத்தம்’ வேறு

அனைவருக்கும் வணக்கம்.

ஐரோப்பிய நாடுகளின் காவல்துறைகள் தம்முள் டிஎன்ஏ, கைரேகைத் தரவுகளை ஒப்பிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டில் வரும் ‘ஹிட்’ (hit) என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழில் ‘பொருத்தம்’ எனலாம் என்று முன்பு ஐயா ஒருவர் எழுதியிருந்தார்கள். எளிய, பழகிய சொல்தான். ஆயினும் எனக்கு அதில் உடன்பாடில்லை. (பத்துப் பொருத்தம் நினைவுக்கு வருகிறது என்பதற்காக அன்று.)

2005 மே 27 அன்று ஜெர்மனியின் புரூம் நகரில் ஏழு நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையே இவ்வேற்பாட்டின் அடிப்படை. அதன் முதன்மைக் கூறுகள் 2008இல் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் சேர்க்கப்பட்டன. அதன்படி, ஒரு நாடு அனுப்பும் தரவை மற்ற நாட்டின் கணினி தன் தொகுப்போடு ஒப்பிட்டு, ஒத்த பதிவு உண்டா இல்லையா என்பதை ஒரு குறியெண்ணுடன் தெரிவிக்கும் (இவ்வாறு கணினி காட்டும் ஒத்த பதிவே ‘ஹிட்’); பெயரும் முகவரியும் அந்தக் கட்டத்தில் எல்லை தாண்டுவதில்லை. அவற்றைத் தனிக் கோரிக்கை வழியே, தரவை வைத்திருக்கும் நாட்டின் சட்டப்படிதான் பெற வேண்டும். கைரேகையானால், கணினி காட்டியதை வல்லுநர் பார்த்து உறுதிசெய்யவும் வேண்டும். அவ்வாறு உறுதியான பின் உள்ள நிலைக்கே ‘பொருத்தம்’ என்பதை ஒதுக்கி வைக்கலாம்.

இப்பிரிவு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2004 மார்ச் 11 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் ஒரு பையில் கிடைத்த கைரேகையை ஸ்பெயின் இன்டர்போல் வழியே அமெரிக்காவுக்கு அனுப்பியது. எஃப்பிஐயின் கணினி 20 பதிவுகளை எடுத்துத் தந்தது. அவற்றுள் ஓரிகன் மாநில வழக்கறிஞர் ஒருவருடைய ரேகையே பையில் கிடைத்தது என ஆய்வாளர்கள் அறுதியிட்டார்கள். ஸ்பெயின் உடன்படாதிருந்தும் அவர் இரண்டு வாரம் காவலில் வைக்கப்பட்டார். ரேகை அல்ஜீரியர் ஒருவருடையது என ஸ்பெயின் கண்டறிந்த பிறகே வெளியே வந்தார். கணினி தந்தவை 20 ‘ஹிட்’. அவற்றில் ஒன்றைப் ‘பொருத்தம்’ ஆக்கியவர்கள் மனிதர்கள். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டால், பிழை எங்கே நேர்ந்தது என்பதைத் தமிழில் சொல்லவே இயலாது.

என் பரிந்துரை ‘தட்டுப்படல்’. தேடும்போது ஒன்று கண்ணில் தட்டுப்பட்டது என்றுதான் நாம் பேசுகிறோம். அதில் கண்டது உண்டு, தீர்ப்பு இல்லை. ‘சிக்கல்’, ‘அகப்படல்’ என்பவற்றைத் தவிர்த்ததற்கும் அதுவே காரணம்: சிக்கியவர் என்றதுமே செய்தித்தாளில் அவர் குற்றவாளி ஆகிவிடுகிறார். இல்லையென்னும் விடைக்குத் ‘தட்டுப்படாமை’ இயல்பாகவே வருகிறது. 2024ஆம் ஆண்டின் புதிய ஒழுங்குமுறை முகப்படங்களையும் இவ்வேற்பாட்டில் சேர்த்திருப்பதால், அதற்கும் இதே சொல் பொருந்தும்.

‘தட்டுப்பாடு’ என்பதோடு குழம்பாதா எனக் கேட்கலாம். பெயர்ச்சொல்லாக்கும்போது ‘-பாடு’ ஈற்றைத் தவிர்த்து, ‘தட்டுப்படல் அறிக்கை’, ‘தட்டுப்பட்ட பதிவு’ என்றே எழுதினால் குழப்பமில்லை. ஆனால் அறிக்கையின் தலைப்பில் இது சற்று நீளம்தான். இதைவிடச் சுருக்கமாக, தீர்ப்பின் சாயல் இல்லாத சொல் எவரிடமேனும் இருந்தால் என்னுடையதை மகிழ்ச்சியுடன் விலக்கிக்கொள்வேன்.