உதவி: கவர்த்தாவில் கடிக்கிற மஸ்கி சென் கிளேயரில் ஏன் கடிக்குதில்லை?

பாசிக்கரை:
வணக்கம் அண்ணைமார். மஸ்கி (வேட்டையாடுற பெரிய நன்னீர் மீன்) பிடிக்க வழமையாகப் போறது ஒன்ராறியோவின் கவர்த்தா ஏரிகளான பிஜன், செமொங், பக்ஹோர்ன். பாசி விளிம்பில் 8ஆம் இலக்க இரட்டை பிளேட் பக்டெயில் (இரண்டு தகடு சுழலுற, மயிர்வால் வைத்த லூர், அதாவது செயற்கை இரை) எறிந்தால் 34, 36 அங்குல மஸ்கி ஒன்றாவது பின்னால் வரும். அதே சாமானோடு ஜூலையில், ஒன்ராறியோ-மிச்சிகன் எல்லையில் உள்ள சென் கிளேயர் ஏரியில் இரண்டு நாள். கடி இல்லை, பின்னால் வந்ததும் இல்லை.

17 அடி வள்ளம், 8 அடி தடி, 80 இறாத்தல் பின்னல் நூல், 12 அங்குல வயர் லீடர் (நூலுக்கும் லூருக்கும் இடையில் கட்டுற கம்பி). இறங்கினது ஏரியின் தென்கரையில் பெல் ரிவரில். முதல் நாள் கரையோரம் 6 முதல் 8 அடித் தண்ணியில் எறிந்தது. மறுநாள் 8 அங்குல கிராங்க்பெய்ட்டை (இழுக்கும்போது ஆழம் இறங்குற மீன் வடிவ லூர்) 120 அடி நூல் விட்டு, மணிக்கு 4 கிலோமீட்டரில் ட்ரோலிங், அதாவது ஓடுற வள்ளத்துக்குப் பின்னால் இழுத்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் பாசி. வேகத்தைக் கூட்டினால் லூர் சரிந்து மேலே வந்துவிடுது. எதை மாற்ற வேணும்?

கச்சான்:
தம்பி, சாமானில் பெரிய பிழை இல்லை. கவர்த்தா கணக்கை அங்கே கொண்டு போனதுதான் பிழை.

செமொங்கிலோ பிஜனிலோ மீனுக்கு வீடு இருக்கு. பாசித் திட்டு, அதன் மூலை, பக்கத்தில் சரிவு. அந்த மூலையைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிஞ்சுது. சென் கிளேயர் 1,100 சதுர கிலோமீட்டர் அகலமான ஒரு தட்டு. சராசரி ஆழம் 11 அடி, இயற்கையான ஆழமான இடமே 21 அடிதான். கப்பல் வாய்க்கால் மட்டும் தோண்டினபடியால் 27 அடி. கோடையில் பெரிய மீன்களில் கனக்க கரைப் பாசியை விட்டுவிட்டு, இரைமீன் கூட்டத்துக்குப் பின்னால் நடு ஏரியில் திரியும். திரியிற மீனுக்கு ஓரிடத்தில் நின்று எறிந்து பிரயோசனம் குறைவு. ஒரு நாளில் எவ்வளவு தண்ணியைக் கடக்கிறீங்கள் என்பதுதான் கணக்கு. அதனால்தான் அங்கே ட்ரோலிங்.

உங்கட ட்ரோலிங்கில் இரண்டு பிழை. ஒன்று வேகம். 6 முதல் 8 கிலோமீட்டர் ஓடுங்கோ. தண்ணி சூடான காலத்தில் 8 கூட அதிகமில்லை. மற்றது நூலின் நீளம். 120 அடி விட்டால் அந்த லூர் 14 அடித் தண்ணியில் மூக்கால் சேறு உழும். வழியில் உள்ள பாசி எல்லாம் அதில்தான். முதல் தடியை மோட்டருக்குப் பின்னால் 12, 15 அடியிலேயே விடுங்கோ, தடி நுனி தண்ணிக்குள்ளே இருக்கட்டும். காத்தாடி கிளப்பிற நுரைக்குள் மஸ்கி வராது என்று நினைக்காதேங்கோ, வரும். அடுத்த தடி 30 முதல் 40 அடி. பிளேனர் போர்ட் (நூலை வள்ளத்துக்குப் பக்கவாட்டில் விலக்கிக் கொண்டு போற மிதவைப் பலகை) இருந்தால் அதற்குப் பின்னால் 50 அடி. லூர் 6 முதல் 9 அடி ஆழத்தில், பாசித் தலைக்கு மேலே ஓட வேணும்.

இடம் தெரிய ஒரு வெள்ளை லூரை வள்ளத்தருகே மெதுவாக இறக்குங்கோ. 2 அடியில் மறைந்தால் அந்த இடத்தை விடுங்கோ. 4 முதல் 7 அடி என்றால் நல்லது. இரண்டு நாள் வடகாற்று அடித்தால் பெல் ரிவர் பக்கத் தென்கரை தேத்தண்ணி மாதிரிக் கலங்கும். அந்தக் கலங்கலும் தெளிவும் சந்திக்கிற கோட்டுக்குத் தெளிந்த பக்கமாக ஓடுங்கோ. கவர்த்தாவில் பாசி விளிம்பு செய்கிற வேலையை அங்கே அந்தக் கோடு செய்யும்.

அத்தாங்கு:
லூர் சரியிறதுக்கு மருந்து. வள்ளத்தருகே 6 அடி நூலில் விட்டு 7 கிலோமீட்டரில் ஓடிப் பாருங்கோ. பிறகு லூரின் வாலை உங்கட பக்கம், மூக்கை வெளிப்பக்கம் பார்க்கப் பிடியுங்கோ. இடப்பக்கம் ஓடுற லூர் என்றால், நூல் கட்டுற வளையத்தைக் குறட்டால் வலப்பக்கம் மயிரளவு வளைக்க வேணும். வளைக்க வேணும், திருகக் கூடாது. திருகினால் வளையம் இளகி, உள்ளே தண்ணி ஏறி, பிறகு அந்த லூர் எதற்கும் உதவாது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வளைத்து ஓட்டிப் பாருங்கோ. அதற்கு முதல் முன் மும்முள்ளைப் பாருங்கோ: ஒரு முள் நெளிந்திருந்தாலே லூர் சரியும்.

லீடரையும் மாற்றுங்கோ. ட்ரோலிங்குக்கு 130 இறாத்தல் ஃபுளோரோகார்பன் (தண்ணிக்குள் எளிதில் தெரியாத நூல்), 3 முதல் 4 அடி. கடிபட்ட மஸ்கி நூலில் உருளும். 12 அங்குலம் என்றால் செவுள் தட்டு பின்னல் நூலில் உரசும், அறும். லீடருக்கு முன்னால் 2 அவுன்ஸ் ஈயம் ஒன்று கட்டினால் நூல் வழியே வழுகி வருகிற மிதக்கும் பாசி அதிலேயே நிற்கும், லூருக்குப் போகாது.

தடி நுனி ஒரே சீராகத் துடிக்க வேணும். துடிப்பு மந்தமானால் பாசி. மீன் என்று காத்திருக்காமல் உடனே சுற்றுங்கோ.

பாசிக்கரை:
நன்றி. 7 என்று வைத்தாலும் அந்த நாளுக்கு எது சரியான வேகம் என்று எப்படித் தெரியும்?

கச்சான்:
நேர்கோட்டில் ஓடாதேங்கோ, பாம்பு மாதிரி வளைந்து ஓடுங்கோ. வளையும்போது வெளிப்பக்க லூர் வேகமாகும், உள்பக்கம் மெதுவாகும். வெளிப்பக்கத் தடியில் இரண்டு தரம் அடி விழுந்தால் முழு வேகத்தையும் அரைக் கிலோமீட்டர் கூட்டுங்கோ. அடி விழுந்த இடத்தை ஜிபிஎஸில் குறித்து மூன்று தரமாவது திரும்ப ஓடுங்கோ. மீன் அங்கே கூட்டமாகத்தான் நிற்கும்.

ஒரு ஆளுக்கு எத்தனை தூண்டில் என்பதை அந்த வருட விதிப்புத்தகத்தில் சென் கிளேயர் அடங்குற 19ஆம் மீன்பிடி வலயத்தில் பார்த்துக்கொள்ளுங்கோ. கவர்த்தாவில் ஒன்றுதான்.

மறுகரை:
கச்சான் அண்ணை சொல்றதில் ஒன்றை நான் ஏற்க மாட்டன். சென் கிளேயரில் எறிந்தும் பிடிக்கலாம். கரையில் நின்று இல்லை. 14, 16 அடித் தண்ணியில் காற்றோடு வள்ளத்தை மிதக்க விட்டு. டிரிஃப்ட் சொக் (தண்ணிக்குள் இழுபட்டு வள்ளத்தை மெதுவாக்கிற துணிப்பை) கட்டி மிதப்பை மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் வைக்க வேணும். 8ஆம் இலக்க பிளேட் காணாது, இரட்டை 10 போடுங்கோ, தடி 9 அடியாவது வேணும்.

முக்கியம் கடைசி எட்டு, அதாவது நூலைச் சுற்றி முடிக்கும்போது வள்ளத்தருகே தடி நுனியால் லூரை எட்டு வடிவில் ஓட்டுறது. 1988இல் வரிச்சிப்பி (தண்ணியை வடிகட்டி உண்ணுற, வெளியிலிருந்து வந்த சின்னச் சிப்பி) கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அந்த ஏரித் தண்ணி நல்லாய்த் தெளிந்துவிட்டது. மீன் உங்களைப் பார்க்கும். கவர்த்தாப் பாசிக்குள் 2 அடியில் சின்ன எட்டுப் போட்டால் போதும். அங்கே தடி நுனியை 3, 4 அடி ஆழம் இறக்கி, திருப்பத்தை அகலமாக, நீள்வட்டமாக எடுங்கோ. ஒடுங்கின திருப்பத்தில் 45 அங்குல மீனால் வளைய ஏலாது, விட்டுப் போகும்.

கச்சான்:
ஏலும், மறுக்கவில்லை. இரண்டே நாள் இருக்கிற ஆளுக்கு நான் ட்ரோலிங்தான் சொல்லுவன்.

புதுவலை:
இடையில் ஒரு கேள்வி. ஒட்டாவா ஆற்றுக்கு இந்தக் கணக்கு சரிவருமா?

மறுகரை:
சரிவராது. அது கபிலத் தண்ணி, நீரோட்டம் வேறு. ஓட்டம் முறிகிற இடம், முனைக்குக் கீழ்ப்பக்கம், சுழி ஓரம், இதுகளைப் பிடியுங்கோ. கறுப்பு, செம்மஞ்சள் மாதிரி அழுத்தமான நிறமும், கனமாக அதிர்கிற பெரிய பிளேட்டும். பின்னால் வாற மீன் கண்ணுக்குத் தெரியாது, அதனால் ஒவ்வொரு எறிதலுக்கும் எட்டுப் போட்டே ஆக வேணும்.

அத்தாங்கு:
ஜூலை, ஆகஸ்டில் போறவை வெப்பமானி கொண்டு போங்கோ. மேல்தண்ணி 27 பாகை செல்சியஸ் என்றால் அன்றைக்கு மஸ்கி பிடிக்கப் போகாதேங்கோ. பிடித்து விட்ட மீன் நீந்திப் போனாலும் பிறகு செத்துப் போகும். கவர்த்தாவும் ஆழம் குறைந்ததுதான், அங்கேயும் இதே கதை. மீனை வலைக்குள், தண்ணிக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கோ. செவுளுக்குக் கிட்ட ஏறியிருந்தால் இழுக்காமல் கட்டரால் முள்ளை வெட்டுங்கோ. மும்முள் 5 டொலர், மஸ்கி 40 அங்குலம் வளரப் பத்து வருடம் மட்டில்.

இன்னொன்று. சென் கிளேயரிலிருந்து நேரே கவர்த்தாவுக்கு வள்ளத்தை இழுக்காதேங்கோ. 2006இல் விஎச்எஸ் (மீன்களுக்கு இரத்தக்கசிவு நோய் தாற) வைரஸ் வந்து அந்த ஏரியில் மஸ்கி செத்து மிதந்தது. ஒன்ராறியோவில் 2022 ஜனவரியிலிருந்து, தெருவில் ஏற்ற முதல் வள்ளத்தின் வடிகால் அடைப்பைக் கழற்றி, பாசி எல்லாம் எடுக்க வேணும் என்பது சட்டம். ட்ரெய்லர் அச்சில் சுற்றின பாசியைத்தான் கனபேர் மறக்கிறவை, குனிந்து பாருங்கோ.