சூடேறித் தானாக நின்ற படகு இன்ஜின்: பழுது பார்ப்பதா, புதியது வைப்பதா?

கேள்வி:
எங்கள் படகில் இருப்பது நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின். அதனுள் சுற்றிச் சூட்டை எடுக்கும் திரவமான கூலன்ட், ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாகக் கடல்நீரால் குளிர்விக்கப்படுகிறது. சில நாட்களுக்கு முன் கரை திரும்பும்போது எச்சரிக்கை மணி ஒலித்தது. நாங்கள் நிறுத்துவதற்குள் வேகம் குறைந்து இன்ஜின் தானாகவே நின்றுவிட்டது. வெப்பமானியின் முள் முதலில் ஏறி, பிறகு நிற்பதற்குச் சற்று முன் இறங்கியது புரியவில்லை. ஆறிய பின் கையால் சுற்றிப் பார்த்தால் தடையின்றிச் சுழல்கிறது. கடல்நீர் பம்பைத் திறந்தபோது, உள்ளே சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லரின் இதழ்களில் பெரும்பாலானவை ஒடிந்து காணாமல் போயிருந்தன. கூலன்ட் பாதிக்கு மேல் வெளியேறியிருக்கிறது, எண்ணெய் வெளுக்கவில்லை (கூலன்ட் கலந்த அடையாளம் இல்லை). பார்க்க வந்த மெக்கானிக், இந்த அளவுக்குச் சூடேறிய இன்ஜினை இனி நம்ப முடியாது, புதியதை வைத்துவிடுங்கள் என்கிறார். எதை வைத்து முடிவெடுப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1:
வணக்கம். முள் இறங்கியதைக் கண்டு இன்ஜின் குளிர்ந்தது என்று எண்ண வேண்டாம். சென்சார் கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும்; கூலன்ட் வெளியேறி, சென்சாரைச் சுற்றி வெறும் காற்றோ நீராவியோ இருந்தால் குறைத்தே காட்டும். ஆகவே உண்மையான சூடு நீங்கள் பார்த்ததைவிட அதிகமாக இருந்திருக்கலாம்.

நீங்கள் எழுதியதில் என்னைக் கவலைப்படுத்துவது, இன்ஜின் தானாக நின்றது என்பதுதான். மணி ஒலித்தவுடன் நிறுத்தப்பட்ட இன்ஜினில் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட்டோடு (சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு), மிஞ்சினால் ஹெட் வளைவதோடு சேதம் முடிந்துவிடும். தானாக நின்றதென்றால் பிஸ்டன் விரிந்து, சிலிண்டரின் உள்சுவரான லைனரைப் பிடித்திருக்க வாய்ப்புண்டு; ஆறியதும் பிஸ்டன் சுருங்கிவிடுவதால், கையால் சுழல்வது மட்டும் அதற்கு மறுப்பாகாது.

இன்ஜெக்டர்களைக் கழற்றி, அந்தத் துளை வழியே சிறு கேமரா நுழைந்தால் லைனர் சுவர்களில் நெடுக்குக் கீறல்கள் உள்ளனவா என்று பாருங்கள். பிறகு கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எட்டும் காற்றழுத்தம், பாருங்கள். இதில் தனி எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடே முக்கியம். அடுத்து ஒவ்வொரு சிலிண்டரிலும், இரு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில், காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு எங்கே கேட்கிறது என்று கவனியுங்கள். கூலன்ட் தொட்டியில் குமிழி எழுந்தால் கேஸ்கெட் போயிருக்கும் அல்லது ஹெட்டில் விரிசல் இருக்கும். உள்ளிழுக்கும் குழாயிலோ புகைக்குழாயிலோ சீறினால் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் பலமாக ஊதினால் ரிங்குகளும் லைனரும். முதல் இரண்டுக்கும் ஹெட்டைக் கழற்றிச் சரிசெய்வது போதும். மூன்றாவதென்றால் செலவு பல மடங்காகும். உங்கள் மெக்கானிக்கின் யோசனை அங்கேதான் பொருள்பெறுகிறது.

ஓர் எச்சரிக்கை: பம்பை மீண்டும் பூட்டியிருந்தால், கம்ப்ரஷன் பார்க்க ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது கடல்நீர் வால்வை மூடிவையுங்கள். இன்ஜின் ஓடாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், பம்ப் தள்ளும் நீர் மப்ளரில் நிறைந்து சிலிண்டருக்குள் திரும்பிவரக்கூடும்.

பதில் 2:
மாற்றுவதற்கான செலவைக் கணக்கிடும்போது இன்ஜினின் விலையோடு நின்றுவிடாதீர்கள். புதிய மாடலின் கால்கள் பழைய அடித்தளத்தில் பொருந்தாமல் போகலாம். கியர் விகிதம் மாறினால் புரொப்பெல்லரையும் மாற்ற நேரும். புகைக்குழாயின் விட்டம், வயரிங், மீட்டர் பலகை, ஷாஃப்டை மறுபடி நேர்கோட்டில் நிறுத்தும் வேலை என்று ஒவ்வொன்றும் சேரும். அதே இன்ஜினின் சீரமைக்கப்பட்ட பிரதி கிடைக்குமா என்பதையும் விசாரியுங்கள். மறுபக்கம், உங்கள் மாடலுக்கு உதிரிபாகங்கள் வருவது நின்றுபோயிருந்தால், ஹெட் மட்டும் கெட்டிருந்தாலும் மாற்றுவதையே நான் சொல்வேன்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வேறொரு மெக்கானிக்கைக் கொண்டு சோதித்தோம். நான்கில் மூன்று சிலிண்டர்களில் கம்ப்ரஷன் ஏறத்தாழ ஒன்றாக இருக்கிறது. மூன்றாம் எண் சிலிண்டரில் மட்டும் வெகுவாகக் குறைவு, அதில் காற்று கொடுத்தபோது கூலன்ட் தொட்டியில் குமிழி எழுந்தது. எண்ணெய் வாயில் குறிப்பிடத்தக்க சத்தம் இல்லை. கேமராவில் ஆழமான கீறல் எதுவும் தெரியவில்லை. உதிரிபாகங்கள் கிடைக்கின்றன.

பதில் 1:
அப்படியானால் ஹெட்டைக் கழற்றுங்கள். புதிய இன்ஜினுக்கு இப்போதே முன்பணம் கொடுக்க வேண்டாம். ஹெட்டை அழுத்தச் சோதனைக்கு அனுப்பி விரிசல் பார்க்கச் சொல்லுங்கள். நேர்விளிம்பு வைத்து வளைவை அளந்து, கையேட்டில் உள்ள வரம்போடு ஒப்பிடுங்கள். பல இன்ஜின்களில் அந்த வரம்பு 0.05 மில்லிமீட்டர் அளவிலேயே இருக்கும். பிளாக்கின் மேற்பரப்பையும் அப்படியே அளக்க வேண்டும்; பலர் இதை விட்டுவிடுகிறார்கள், பிறகு புதிய கேஸ்கெட் மீண்டும் ஊதிவிடுகிறது. அலுமினிய ஹெட் என்றால், கடுஞ்சூட்டில் உலோகம் மென்மையாகியிருக்கிறதா என்று கடினத்தன்மையையும் சோதிப்பது நல்லது. ஹெட் இறங்கியதும் மூன்றாவது சிலிண்டரின் லைனரை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் இடறும் கீறல் இருந்தால் மட்டும் மாற்றும் யோசனைக்குத் திரும்பலாம்.

எந்த வழியில் போனாலும், ஒடிந்த இம்பெல்லர் இதழ்களின் துண்டுகளைத் தேடி எடுத்து, புதிய இம்பெல்லரின் அருகில் வைத்து எண்ணிக்கை முழுமையாகிறதா என்று பாருங்கள். அவை ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குழாய் வாய்களில் சிக்கியிருந்தால், புதிய இன்ஜின் வைத்தாலும், பழைய எக்ஸ்சேஞ்சரையே அதில் பூட்டினால் இதே சூடு திரும்பும். அதோடு கடல்நீர் வடிகட்டியையும் உறிஞ்சு குழாயையும் சோதியுங்கள், ஏனெனில் இம்பெல்லர் பெரும்பாலும் நீரின்றி ஓடும்போதுதான் ஒடிகிறது.