டிஜிட்டல் கதை கேட்டால் ஸ்லைடு ஷோ வருகிறது: பயிற்சி ஆசிரியர்களுக்கு எப்படிச் சொல்லித்தருவது?

சுண்ணக்கட்டி:
வணக்கம். பி.எட். மாணவர்களுக்குக் கல்வித் தொழில்நுட்பத் தாள் எடுக்கிறேன். மொத்தம் 32 பேர். வகுப்பறையில் போட்டுக்காட்ட மூன்று நிமிட டிஜிட்டல் கதை ஒன்று, அதாவது சொந்தக் குரலில் கதை சொல்லிப் படங்களோடு கோத்த குறும்படம், செய்துவாருங்கள் என்றேன். இதுவரை 20 பார்த்துவிட்டேன், எல்லாம் ஒரே அச்சு. "நீர்ச் சுழற்சி என்றால் என்ன?" என்று தலைப்பு, இணையத்தில் எடுத்த படம், அதன் மேல் பாடப்புத்தகப் பத்தி, அதையே வரி பிசகாமல் வாசிக்கும் குரல், பின்னணியில் ஓயாத புல்லாங்குழல். கதை எங்கே என்று கேட்டால், "நீர்த்துளிக்குப் பெயர் வைத்திருக்கிறேனே மேடம்!"

நான் செய்தது: முதல் இரண்டு வகுப்பில் ஷாட்கட் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளைப் பழக்கினேன். மூன்றாவதில் தலைப்பு கொடுத்தேன்.

கூடவே இரண்டு தொழில்நுட்பத் தொல்லை. வீட்டில் செய்ததைப் பென்டிரைவில் கொண்டுவந்து ஆய்வகத்தில் திறந்தால் படங்களைக் காணோம். இன்னொருவர் செல்போனில் எடுத்த வீடியோவில் போகப் போக உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.

கரும்பலகை:
மேடம், வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். 1990களில் கலிஃபோர்னியாவில் ஜோ லாம்பர்ட்டும் டேனா ஆட்ச்லியும் டிஜிட்டல் கதைப் பட்டறைகளைத் தொடங்கியபோது, கணினிக்கு முன்னால் கதைவட்டம் வைத்தார்கள். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து வாயால் கதை சொல்வது, மற்றவர்கள் கேள்வி கேட்பது. பிறகு எழுத்து, பிறகு குரல்பதிவு. எடிட்டிங் கடைசியில்தான். மென்பொருளை முதலில் காட்டினால், அதில் எது சுலபமோ அதைத்தான் செய்வார்கள். சுலபமானது ஸ்லைடு ஷோ.

தலைப்பையும் கொடுக்காதீர்கள். "சின்ன வயதில் இந்தப் பாடத்தில் எதைத் தப்பாகப் புரிந்துவைத்திருந்தீர்கள்?" என்று கேளுங்கள். தப்பு வந்தால் கேள்வி வரும், கேள்வி வந்தால்தான் பார்க்கிறவன் நிமிர்ந்து உட்காருவான்.

ஒரு எச்சரிக்கை. ஸ்கிரிப்டுக்கு 250 முதல் 300 சொல் என்று ஆங்கில வழிகாட்டிகளில் இருக்கும். நம் சொற்கள் நீளம், அந்தக் கணக்கு ஒத்துவராது. என் வகுப்பில் இரண்டரை நிமிடத்துக்கு 200 சொல்லே தாராளம். எண்ணிக்கொண்டிருக்காமல் கடிகாரம் வைத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.

ஒலிவாங்கி:
படம் காணாமல் போவது: ஷாட்கட் வேலையைச் சேமிக்கும் எம்எல்டி கோப்பில் படங்கள் கிடையாது, அவை இருக்கும் இடத்தின் முகவரி மட்டும்தான். ஆளுக்கொரு ஃபோல்டர். படம், குரல், இசை எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் எடிட்டிங் தொடங்க வேண்டும், கொண்டுபோனால் ஃபோல்டரோடு.

குரல் விலகல்: செல்போன்கள் பெரும்பாலும் ஃபிரேம் ரேட்டை, அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்பதை, ஏற்றி இறக்கி எடுக்கும். எடிட்டிங்குக்கு ஏற்ற வடிவுக்கு மாற்றும் வசதி ஷாட்கட்டிலேயே உண்டு, முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். குரல் பதியும்போது தொடக்கத்தில் ஐந்து விநாடி பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். அந்த வெற்று ஒலியை மாதிரியாகக் காட்டினால் ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருள் மின்விசிறி இரைச்சலைக் குறைத்துவிடும்.

சுண்ணக்கட்டி:
நேற்று கதைவட்டம் வைத்தேன். முதல் கால் மணி நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் என் அசட்டுத்தனம் ஒன்றை நானே சொன்னேன், அப்புறம் நிறுத்த முடியவில்லை. தண்ணீர் கொதித்தால்தான் ஆவியாகும் என்று பள்ளியில் நம்பிய ஒரு பெண், கொடியில் காயும் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாளாம், எப்போது கொதிக்கும் என்று! அதே நீர்ச் சுழற்சிதான். வகுப்பே சிரித்தது.

பின்வரிசை:
அருமை, ஆனால் கொஞ்சம் குறுக்கே பேசுகிறேன். ஆசிரியரின் மலரும் நினைவு அல்ல குழந்தைக்கு வேண்டியது. அந்தத் துணி சரி, ஏனென்றால் அதே தப்பு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடமும் இருக்கும். "என் முதல் ஆசிரியர்" வகைக் கண்ணீர்க் கதைகளை வட்டத்திலேயே கழித்துவிடுங்கள். துணியைத் தொடும் இடத்தில் படத்தை நிறுத்தி, "இது கொதிக்குமா?" என்று வகுப்பைக் கேட்க முடிகிறதா? முடிந்தால் அது பாடத்துக்கான கதை. நிறுத்தும் இடத்தை ஸ்கிரிப்டிலேயே குறிக்கச் சொல்லுங்கள்.

திரையில் உள்ள பத்தியைத் தூக்கிவிடுங்கள். படம், குரல், அதே வரிகள் எழுத்திலும் என்றால் கற்றல் குறைகிறது என்பது கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் காட்டியது. புதுக் கலைச்சொல் மட்டும் எழுத்தில் இருக்கட்டும். காது கேளாத பிள்ளை இருந்தால் வேறு கதை, வசன வரி கட்டாயம்.

மதிப்பெண்ணில் பாதியை ஸ்கிரிப்டுக்கே ஒதுக்கி, எடிட்டிங்குக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

சுண்ணக்கட்டி:
நன்றி. பத்தியை எடுத்துவிட்டார்கள். புல்லாங்குழலைத்தான் விடமாட்டேன் என்கிறார்கள்.

ஒலிவாங்கி:
இசை இல்லாமல் ஒருமுறை போட்டுக்காட்டச் சொல்லுங்கள். எங்கே தொய்கிறதோ, அங்கே மட்டும் திரும்ப வைக்கட்டும்.