வார ஓய்வு உத்தரவில் இருக்கிறது, வீட்டுக்கு வருவதில்லை

கேள்வி (காவலர் மனைவி): கணவர் சட்டம் ஒழுங்கில் முதல்நிலைக் காவலர். 2021-இல் வார ஓய்வு கொடுக்கச் சொல்லி டிஜிபி உத்தரவு வந்தது, பிறந்த நாள், திருமண நாளுக்கும் லீவு என்றார்கள், ஆனால் திருவிழா, அமைச்சர் வருகை என்று ஏதாவது ஒரு பந்தோபஸ்து வந்து அதைத் தின்றுவிடுகிறது. வீட்டுக்கு வந்தாலும் பேச்சில்லை, பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறார். என்னதான் செய்வது?

ஓய்வுபெற்ற ஏட்டு: அம்மா, டியூட்டி போடுவது பெரும்பாலும் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர்தான். அவரிடம் முதலிலேயே சொல்லி ஓய்வு நாளை எழுதி வைக்கச் சொல்லுங்கள், போன ஓய்வுக்கு மாற்று நாளும் வாய்விட்டுக் கேட்க வேண்டும், கேட்காதவருக்கு யாரும் தரமாட்டார்கள். இரவு டியூட்டி முடிந்து வந்தவுடன் வீட்டுக் கணக்கைத் தொடங்காதீர்கள், தூங்கி எழட்டும். குடி சேர்ந்திருந்தால் அது வேறு விஷயம், உதவி தேடுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பெண் காவலர்: எல்லாவற்றையும் மனைவியே அனுசரிக்க வேண்டுமா அண்ணே? நாங்கள் டியூட்டியும் பார்த்து சமையலும் பார்க்கிறோம். மகப்பேறு விடுப்பு முடிந்து வருபவர்களுக்கு மூன்று வருடம் பெற்றோர் அல்லது கணவர் ஊரிலேயே பணி என்று 2024-இல் முதல்வர் அறிவித்தார், அது நல்ல விஷயம். ஆண்களுக்கும் வீடு இருக்கிறது என்று யார் நினைக்கிறார்கள்?

மலைக்கோட்டைக்காரன்: பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் உதவியோடு துறையே காவலர் நலப் பயிற்சி நடத்தியிருக்கிறது, குடும்பத்தினரையும் சேர்த்து. அதிகாரிக்குத் தெரியுமே என்று பயந்தால் 14416-க்கு அழையுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். கணவர் பேச வராவிட்டால் முதலில் நீங்கள் பேசுங்கள்.