மெனுவில் ஏழுக்கு மேல் வைத்தால் மார்க் குறைப்பதா?

நிரலி (காலை 9.10)
நேற்று வேறொரு இழையில் வகுப்பறை ஐயா இப்படி எழுதியிருந்தார்: "எச்சிஐ (மனிதரும் கணினியும் ஊடாடும் முறை) அறிமுகப் பாடத்தில் மாணவன் வேறு எதை மறந்தாலும் சரி, திரை மெனுவில் ஏழு உருப்படி, மிஞ்சிப்போனால் ஒன்பது என்பதை மறக்கக் கூடாது." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பன்னிரண்டு வருடமாகத் திரை வடிவமைத்துத்தான் பிழைக்கிறேன். இந்த ஏழுக்கு மூலமாக எல்லோரும் காட்டுவது உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் நினைவைப் பற்றி எழுதிய கட்டுரையை. அதில் மெனு என்ற பேச்சே கிடையாது. ஒலிகளைக் கேட்க வைத்து, எத்தனையைக் குழம்பாமல் பிரித்தறிகிறார்கள் என்று பார்த்தது உண்டு. எண்களை ஒருமுறை சொல்லி, உடனே திருப்பிச் சொல்லச் சொன்னது உண்டு. கண்முன்னே எழுதியிருக்கும் மெனுவை யாரய்யா மனப்பாடம் செய்கிறார்கள்?

வகுப்பறை (9.41)
நிரலி அம்மா, நான் இருபது வருடமாகப் பாடம் எடுக்கிறேன். மில்லரை நானும் படித்தவன்தான். முதல்முறை திரை வரையும் பிள்ளை, இருக்கிற பொத்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டிவிடும். கையில் ஒரு எண் கொடுத்தால்தான் அடங்கும். அதனால்தான் ஏழு.

கடைசி_பெஞ்ச் (9.58)
அக்கா, அந்த ஏழால் அடி வாங்கியவன் நான். எங்கள் கல்லூரி இன்டர்னலில் நூலகச் செயலிக்கு மெனு வரையச் சொன்னார்கள். பதினொன்று வைத்தேன். சிவப்புப் பேனாவில் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, ஒன்பதுக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, மீதி இரண்டையும் அடித்திருந்தார்கள். பத்தாவது 'அபராதம்', பதினொன்றாவது 'வெளியேறு'. இரண்டு மார்க் போய்விட்டது.

நிரலி (10.05)
பார்த்தீர்களா ஐயா? 'வெளியேறு' என்பதை அடித்திருக்கிறார்கள்! திரை வடிவமைப்புக்கென்று நிபுணர் நீல்சன் 1994இல் தொகுத்த பத்து விதிகளில் மூன்றாவதே, தெரியாமல் உள்ளே வந்தவன் வெளியே போக வழி இருக்க வேண்டும் என்பதுதான். ஆறாவது, பயனரை நினைவுகூர வைக்காதே, பார்த்ததும் கண்டுகொள்ள வை என்பது. மெனு பிறந்ததே அதற்காகத்தான். கட்டளைகளை மனப்பாடம் செய்து தட்டிக்கொண்டிருந்த காலம் போய், திரையில் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. அதில் கொண்டுபோய் மனப்பாட விதியைப் பூட்டினால் என்ன நியாயம்?

செர்வர்காரன் (10.22)
இரண்டு மார்க்குக்கு இவ்வளவு ரகளையா? இதற்கெல்லாம் ஒரு பருவம் முழுக்கப் பாடம் வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. பொத்தானைப் பெரிதாக வை, எழுத்தைத் தெளிவாக வை. முடிந்தது. நாங்கள் இதைப் படித்தா புரோகிராம் எழுத வந்தோம்?

நிரலி (10.37)
மவுஸைக் கண்டுபிடித்ததே ஆப்பிள்தான் என்று போன வருடம் இங்கே இரண்டு நாள் சண்டை போட்டவர் நீங்கள். பொறியாளர் எங்கெல்பார்ட் 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கூட்டத்துக்கு முன் மவுஸைப் பிடித்துக் காட்டிவிட்டார். ஆப்பிளின் மக்கின்டோஷ் கணினி வந்தது 1984இல். இந்தப் பாடம் வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் நான் எப்படிக் கேட்பேன்? பொத்தானைப் பெரிதாக வைக்கச் சொல்கிறீர்களே, அதற்குப் பின்னால் உளவியலாளர் ஃபிட்ஸ் 1954இல் செய்த சோதனை இருக்கிறது. இலக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு அகலம் என்பதை வைத்துக் கை போய்ச் சேரும் நேரத்தைக் கணக்கிடலாம். அதைத்தான் வகுப்பில் சொல்லித் தருகிறார்கள்.

செர்வர்காரன் (10.44)
கண்டுபிடித்தது என்று நான் சொல்லவே இல்லை. மக்களிடம் கொண்டு சேர்த்தது என்றேன். பழைய இழையை எடுத்துப் பாருங்கள்.

நிரலி (10.46)
எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

வகுப்பறை (11.15)
மவுஸை விடுங்கள். நான் ஒன்று கேட்கிறேன். வங்கிக்கு போன் போடுகிறோம். "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்று ஆரம்பித்து வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறது. எட்டாவது வருவதற்குள் மூன்றாவது என்ன என்பது மறந்துவிடுகிறது. எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

நிரலி (11.29)
ஐயா, அது காதில் கேட்பது! சொன்ன சொல் காற்றோடு போய்விடும், அதைத் தலையில்தான் வைத்திருக்க வேண்டும். அங்கே ஏழுகூட அதிகம். திரையில் இருப்பது எங்கேயும் ஓடிப்போகாது. டிபன் கடைச் சுவரில் முப்பது பலகாரம் எழுதியிருக்கிறது. யாராவது குழம்பிப்போய்ப் பட்டினியாகத் திரும்புகிறோமா? தமிழ்நாட்டில் 38 மாவட்டம். அகர வரிசையில் ஒரே பட்டியலாக வைத்தால் 'விருதுநகர்' எங்கே இருக்கும் என்று கை தானாகக் கீழே போகும். ஏழு ஏழாகப் பிரித்து அடுக்கினால் எந்தக் கட்டுக்குள் தேடுவது?

இது ஏதோ என் வாய்க்கு வந்த பேச்சு இல்லை. 1998இல் லார்சன், செர்வின்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 512 இணையப் பக்கங்களை மூன்று விதமாக அடுக்கி ஆட்களைத் தேட விட்டார்கள். அடுக்குக்கு எட்டு எட்டாக மூன்று அடுக்கு வைத்ததில்தான் அதிக நேரம் ஆனது. முதலில் 16, அதற்குள் 32 என்று அகலமாக வைத்தது வேகமாக இருந்தது. உங்கள் ஏழுக்குப் பக்கத்தில் இருக்கிற எட்டுதான் தோற்றது.

வகுப்பறை (11.50)
எட்டு தோற்றது, ஏழு தோற்கவில்லையே.

நிரலி (11.52)
இதை ஒரு பதில் என்று எழுதுகிறீர்களா ஐயா? மில்லர் கட்டுரையில் மெனு எந்தப் பக்கத்தில் வருகிறது? அதை மட்டும் காட்டுங்கள். அவரே கடைசியில், எங்கே பார்த்தாலும் ஏழு வருவது வெறும் தற்செயலாக இருக்கலாம் என்றுதான் சந்தேகப்படுகிறார். 2001இல் உளவியலாளர் நெல்சன் கோவன் நினைவின் அளவு ஏறக்குறைய நான்குதான் என்று வாதிட்டார். நினைவு விஷயத்திலேயே அந்த எண் ஆட்டம் காண்கிறது, நீங்கள் மெனுவுக்குக் கொண்டுவருகிறீர்கள்.

செர்வர்காரன் (12.03)
அப்படியென்றால் மெனுவில் நாலுதான் வைக்க வேண்டுமா?

நிரலி (12.04)
நான் சொன்னதில் ஒரு வரியாவது படித்தீர்களா?

தமிழ்99_பற்றாளன் (12.40)
எண்ணிக்கை பற்றிப் பேசுகிறவர்கள் நம் விசைப்பலகையைப் பாருங்கள். தமிழ்99இல் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என்று 31 விசையில் 247 எழுத்தும் வந்துவிடும். 'அம்மா' அடிக்க அ, ம, ம, ஆ, நாலே தட்டு. புள்ளி தானாக விழும். உயிர் இடக்கைப் பக்கம், மெய் பெரும்பாலும் வலக்கைப் பக்கம் என்பதால் இரண்டு கையும் மாறி மாறி ஓடும். அறிமுகப் பாடத்தில் முதல் நாளே இதைத்தான் காட்ட வேண்டும்.

கடைசி_பெஞ்ச் (12.48)
அண்ணா, எங்கள் வகுப்பில் ஒருவர்கூட அதில் அடிப்பதில்லை. போனில் 'ammaa' என்று ஆங்கிலத்தில் தட்டினால் வந்துவிடுகிறது.

தமிழ்99_பற்றாளன் (12.55)
தம்பி, அதற்கு ஐந்து தட்டு. எண்ணிப் பார்.

செர்வர்காரன் (1.02)
ஒரு தட்டு மிச்சம் பிடிக்க 31 விசையை மனப்பாடம் செய்ய வேண்டுமா? இங்கே மட்டும் மனப்பாடம் செல்லுமா?

தமிழ்99_பற்றாளன் (1.10)
ஒருமுறை விரலுக்குப் பழகினால் அப்புறம் யோசிக்கவே வேண்டாம். தமிழை ஆங்கிலத்தில் நினைத்து அடிப்பவர்களிடம் இதைச் சொல்லி என்ன பயன்.

நிரலி (1.25)
இந்தச் சண்டைக்குத் தனி இழை தொடங்குங்கள். ஐயா, காலையில் கேட்ட பக்கம் இன்னும் வரவில்லை. அந்தத் தம்பியின் தாளைத் திருத்தியவர் உங்களைப் போன்ற ஒருவரிடம் படித்து வந்தவர்தான். தவறான விதியை முதல் பருவத்தில் விதைத்தால், என்னிடம் வேலைக்கு வரும்போது அதைப் பிடுங்கி எறிய எனக்கு ஆறு மாதம் ஆகிறது. போன வாரம்கூட ஒரு பெண், மெனுவில் பத்தாவதாக ஒன்று வந்ததே என்று 'உதவி'யை எடுத்துக்கொண்டுபோய் 'மற்றவை'க்குள் ஒளித்து வைத்தாள். உதவி தேவைப்படுகிறவன் அங்கே போய்த் தேடுவானா?

வகுப்பறை (1.48)
என் மாணவர்கள் எங்கெங்கே வேலை பார்க்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்த பருவமும் ஏழு என்றுதான் சொல்லித் தருவேன். பக்கம் காட்டும் பரீட்சையை நீங்கள் எனக்கு வைக்க வேண்டாம்.

நிரலி (1.51)
பரீட்சை இல்லை ஐயா, ஒரே ஒரு பக்க எண். மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

செர்வர்காரன் (2.15)
பழைய இழையைத் தேடி எடுத்துவிட்டேன். 'கொண்டு சேர்த்தது' என்றுதான் எழுதியிருக்கிறேன்.

நிரலி (2.17)
அதற்கு மேலே உள்ள உங்கள் முதல் பதிவையும் படியுங்கள்.