பழைய வண்டியில் மிஸ்ஸிங்: எங்கே தேடினோம், எங்கே கிடைத்தது

எங்கள் வீட்டு வண்டி மாருதி 800, 1997 மாடல், கார்புரேட்டர். அப்பா ஆசையாக வாங்கியது. 796 சிசி, மூன்றே சிலிண்டர். அதனால் ஒன்றில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் விட்டாலும் (அதைத்தான் மிஸ்ஸிங் என்கிறோம்) மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும், ஸ்டீயரிங்கிலிருந்து சீட் வரைக்கும் ஆடும்.

போன மழைக்காலத்தில் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறினோம். 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏழெட்டு வளைவு தாண்டியதும், இரண்டாவது கியரில் அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் வண்டி வெட்டி வெட்டி இழுத்தது. காலைக் கொஞ்சம் தளர்த்தினால் சரியாகிவிடும், மறுபடி மிதித்தால் மறுபடி வெட்டும். மேலே போய் நிறுத்தி, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஸ்லோவில் விட்டுப் பார்த்தால் தையல் மெஷின் மாதிரி ஓடுகிறது.

ஊருக்கு வந்து மெக்கானிக்கிடம் விட்டேன். மூன்று பிளக்கையும் மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்தார். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் மழை, அதே வெட்டு. "ஹெட்டை இறக்கிப் பாத்துடலாம் சார்" என்றார். ஹெட் என்றால் சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும், வால்வுகள் உள்ள பகுதி. எனக்கு மனசு ஒப்பவில்லை. காய்ந்த நாளில் ஓடி, ஈரமான நாளில் வெட்டும் வண்டிக்கு ஹெட்டில் என்ன குறை இருக்க முடியும்?

இன்னொரு பட்டறையில், சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜ் மட்டும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். 165, 160, 165 பி.எஸ்.ஐ. மூன்றும் ஒன்றையொன்று ஒட்டியே இருந்தன. அந்த அழுத்தம் கசியாமல் அடைக்கும் வால்வு, பிஸ்டன் ரிங், ஹெட் கேஸ்கெட் மேலிருந்த சந்தேகம் அப்போதே போய்விட்டது.

அன்று ராத்திரி போர்டிகோ விளக்கை அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்தேன். தம்பி உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை விட்டு விட்டு மிதிக்க, துணி தேய்க்க வைத்திருக்கும் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் ஊற்றி பிளக் ஒயர்கள் மேல் லேசாகத் தூவினேன். கையை ஒயரிலும் ஃபேன் பக்கமும் கொண்டுபோகவில்லை, நீங்களும் கொண்டுபோகாதீர்கள். இரண்டாவது சிலிண்டருக்குப் போகும் ஒயர் ஒரு இரும்புக் கிளிப்பை உரசிப் போகிற இடத்தில், நீல நூல் மாதிரி ஒரு பொறி 'டிக்' என்று குதித்தது. தம்பி மிதிக்கும்போதெல்லாம் அங்கேயே குதித்தது. காலையில் ஒயரைக் கழற்றிப் பார்த்தால் ரப்பரில் கடுகளவு தேய்மானம், அவ்வளவுதான்.

மிதிக்கும்போது சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் நிறையப் போய் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தில் பிளக் இடைவெளியைத் தாண்ட பொறிக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். அதைவிடச் சுலபமான வழி வெளியே இருந்தால் கரண்ட் அந்தப் பக்கம் போய்விடும். ஸ்லோவில் அழுத்தம் குறைவு என்பதால் பொறி ஒழுங்காகப் பிளக்கிலேயே விழுகிறது. அதனால்தான் சொல்கிறேன், பட்டறைக்குப் போகும்போது "மிஸ்ஸிங் அடிக்குது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது அடிக்கிறது, ஸ்லோவிலா, ஏற்றத்திலா, மழையிலா, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒயர் செட்டும், கையோடு பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்பும் ரோட்டாரும் மாற்றினேன். ஒயரை உருவும் முன் டேப் ஒட்டி 1, 2, 3 என்று எழுதிக்கொள்ளுங்கள். மாற்றிச் செருகிவிட்டால் அது தனித் தலைவலி.

*

அண்ணா, உங்கள் மாருதி கதையைப் படித்தேன். என் வண்டியில் உங்களுக்கு நேர் எதிர். ஸ்லோவில் குலுங்கும், வேகம் எடுத்தால் அடங்கிவிடும். 1986 பெட்ரோல் அம்பாசிடர், 1489 சிசி.

ஸ்லோவில் விட்டு, ரப்பர் பிடி போட்ட பிளையரால் பிளக் ஒயரை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். எடுத்த ஒயரைக் காற்றில் தொங்கவிடாமல் ஒரு பழைய பிளக்கில் செருகி, அதை எஞ்சின் உடம்பில் எர்த் ஆகும்படி வைத்துக்கொண்டோம். 1, 2, 4 எடுத்தால் எஞ்சின் தடுமாறியது. 3 எடுத்தால் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. 3, 4 பிளக்குகளை இடம் மாற்றினோம், குறை 3-லேயே நின்றது. ஒயரை மாற்றினோம், அப்போதும் 3. காற்றும் பெட்ரோலும் எஞ்சினுக்குள் போகும் மேனிஃபோல்ட் குழாயின் ஓரத்தில் கார்புரேட்டர் கிளீனர் அடித்தும் ஓட்டம் மாறவில்லை, ஆக இடுக்கு வழியாக வெளிக்காற்றும் இழுக்கவில்லை.

கம்ப்ரஷன் பார்த்தால் மற்ற மூன்றும் 130 பக்கம், மூன்றாவது மட்டும் 70. பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தோம். 75. ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடுக்கை அடைத்து நன்றாக ஏறியிருக்கும். ஏறவில்லை என்பதால் வால்வு.

வால்வைத் தட்டித் திறக்கும் டேப்பெட்டின் கவரைத் திறந்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடுகளை விட்டால், மூன்றாவது எக்ஸாஸ்டில் (புகை வெளியேறும் வால்வில்) மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. டேப்பெட் சத்தமே இல்லாமல் இருந்ததை நான் நல்லதென்று நினைத்திருந்தேன். இந்த எஞ்சினில் வால்வு சீட் (மூடும்போது வால்வு உட்காரும் இடம்) தனியாக இல்லை, வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே கடைந்திருப்பார்கள். பெட்ரோலில் ஈயம் இருந்த காலத்தில் அது சீட் மேல் படிந்து காப்பாற்றியது. 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்றது. ஈயம் நின்றது நம் குழந்தைகளுக்கு நல்லது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இந்த ஹெட்டுகளில் எக்ஸாஸ்ட் சீட் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, வால்வு உள்ளே இறங்க, இடைவெளி மூடிக்கொள்கிறது. அப்புறம் வால்வு முழுசாக மூடாது, ஓரம் கருகும். 2, 3 எக்ஸாஸ்ட் இரண்டும் நடுவில் ஒரே வழியில் போவதால் சூடும் அங்கேதான் அதிகம்.

லேத்தில் கொடுத்துக் கடினமான சீட் வளையம் அடித்து, புது வால்வு போட்டோம். இப்போது ஸ்லோவில் பானெட் மேல் தண்ணீர் டம்ளர் வைக்கலாம். டேப்பெட் லேசாகத் தட்டுகிறது, அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு நிம்மதி.

*

இரண்டு பெட்ரோல் வண்டிக் கதையும் படித்தேன், டீசல்காரர்களுக்காக நான் ஒன்று சொல்கிறேன். என்னுடையது மஹிந்திரா எம்.எம். 540, பியூஜோ எஞ்சின். இதில் பிளக் ஒயர் கிடையாதே, எந்தச் சிலிண்டர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்லோவில் ஓடும்போது, சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் இன்ஜெக்டரின் பைப் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்று தளர்த்துவார்கள். சத்தம் மாறாத சிலிண்டர் எதுவோ, அதுதான் வேலை செய்யாதது. எனக்கு இரண்டாவது. அந்த இன்ஜெக்டரை முதலாவதில் போட்டுப் பார்த்தோம், குறையும் முதலாவதுக்கு வந்துவிட்டது. அதன் முனையிலுள்ள நாஸில் மட்டும் மாற்றியதில் முடிந்தது.

நட்டின் மேல் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கையை எதிரே நீட்டவே வேண்டாம். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது.