புளோயரை நிறுத்தினால் நைட்ரேட் குறையுமா?

சேலையூர் ஆபரேட்டர்:
எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர் நிலையத்தில் தொட்டிக்குள் காற்றூதும் புளோயர் இரவும் பகலும் ஓடுகிறது. அம்மோனியா லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்கிறது. ஆனால் நைட்ரேட் நைட்ரஜன் 22. மொத்த நைட்ரஜன் 10-ஐத் தாண்டக் கூடாது என்கிறார்கள். பாக்டீரியாவுக்குக் கரிமத் தீனியாக மெத்தனால் ஊற்றச் சொல்கிறார் ஒருவர். அம்மோனியாவை நைட்ரஜன் வாயுவாக்கும் அனமாக்ஸ் பாக்டீரியா வாங்கச் சொல்கிறார் இன்னொருவர். கரண்ட் பில் ஏற்கெனவே தலைக்கு மேல் போய்விட்டது. என்ன செய்யலாம்?

பழைய ஆபரேட்டர்:
தம்பி, இரண்டையும் வாங்காதீர்கள். கசடு படியவிடும் செட்லிங் தொட்டியில் ஸ்லட்ஜ் (பாக்டீரியாச் சேறு) திட்டுத்திட்டாக மிதக்கிறதா? மிதந்தால், அங்கே நைட்ரேட் வாயுவாகி அதைத் தூக்குகிறது. அந்த வேலையை காற்றேற்றும் ஏரேஷன் தொட்டியிலேயே முடிக்க வேண்டும்.

ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க 4.57 கிராம் ஆக்சிஜன் செலவாகிறது. காசு கொடுத்து ஏற்றிய ஆக்சிஜனை அப்படியே வெளியே விடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். காற்று நின்றதும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலிருக்கும் ஆக்சிஜனைச் சுவாசிக்கும், ஒரு கிராம் நைட்ரேட் நைட்ரஜனுக்கு 2.86 கிராம் திரும்பக் கிடைக்கும். அம்மோனியா நைட்ரேட்டாகும்போது போன காரத்தன்மையிலும் பாதி வரும்.

ஆனால் அவற்றுக்குத் தீனி வேண்டும். வருகிற கழிவுநீரின் கரிமமே நல்ல தீனி. அதைக் காற்று நின்ற நேரத்தில் உள்ளே விடுங்கள். நான் 60 நிமிடம் ஓட்டி 40 நிமிடம் நிறுத்துவேன். அப்போது மிக்சர் சுழன்றே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஸ்லட்ஜ் அடியில் படிந்துவிடும். தினமும் அம்மோனியா பாருங்கள். ஏறினால் நிறுத்தும் நேரத்தைக் குறையுங்கள்.

ஆய்வகத் தோழி:
அனமாக்ஸ் அருமையான பாக்டீரியா; பாதி அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கினாலே போதும், மீதியை அதனுடன் சேர்த்து வாயுவாக்கிவிடும், கரிமமும் கேட்காது. ஆனால் மெதுவாக வளரும். ராட்டர்டாமின் டோக்காவன் நிலையத்துக்காக 2002-இல் தொடங்கிய முதல் பெரிய தொட்டி நிலைபெறவே மூன்றரை ஆண்டுகள் ஆயின். ஸ்லட்ஜைக் காற்றில்லாமல் மட்கவைக்கும் டைஜஸ்டரிலிருந்து வரும் சேற்றைப் பிழிந்தெடுத்த, வெதுவெதுப்பான, அம்மோனியா செறிந்த நீருக்கே அது பொருத்தம். உங்கள் நீர்த்த சாக்கடை நீருக்கு ஐயா சொன்னதே சரி.

சேலையூர் ஆபரேட்டர்:
மூன்று வாரம் ஆயிற்று ஐயா. முதல் வாரம் ஆசையில் 90 நிமிடம் நிறுத்தினேன். அம்மோனியா 6 ஆயிற்று, நாற்றமும் அடித்தது. இப்போது 60-க்கு 40. நைட்ரேட் 7, அம்மோனியா 1.5. செட்லிங் தொட்டியில் நீங்கள் சொன்ன திட்டுகள் இருந்தன. நேற்று ஒன்றுகூட மிதக்கவில்லை.